மாதாமாதம் நீட்டிக்கப்பட்ட அவசரம்

கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்தில் இருக்கும் ஜெயபுரம், 1983இல் தமிழருக்கு எதிரான வன்செயலில் எல்லாவற்றையும் இழந்து வடக்கே வந்த குடும்பங்களுக்கு இடங்கொடுத்த வன்னி ஊர்களில் ஒன்று. அந்த ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு இருபத்தெட்டு வயது ஆனபோதுதான், 2011 ஓகஸ்டில், அவசரகாலச் சட்டம் நீங்கியது. 1989இல் சில மாதங்களையும் 2001க்கும் 2005க்கும் இடைப்பட்ட சமாதானக் காலத்தின் பெரும்பகுதியையும் கழித்துப் பார்த்தாலும், ஒரு மனிதனின் பள்ளிப் பருவமும் இளமையும் முழுக்க ‘அவசரம்’ என்ற பெயரிலேயே போயிருக்கின்றன.

இந்த ஆட்சிமுறை இலங்கையின் கண்டுபிடிப்பு அல்ல. ஜனநாயகம் தன்னைக் காத்துக்கொள்ளச் சில நேரம் தன் விதிகளையே நிறுத்திவைக்கலாம் என்ற எண்ணம் உலகெங்கும் உண்டு. அது எவ்வளவு பயன்தரும், எங்கே முறியும் என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது முதலாம் உலகப் போருக்குப் பிந்திய ஜேர்மனி. வைமார் குடியரசு என்று வரலாறு அழைக்கும் அந்த ஆட்சி பதினான்கே ஆண்டுகள் நீடித்தது.

1919 ஓகஸ்ட் 11இல் கையொப்பமான அதன் அரசியலமைப்பு, பெண்களுக்கும் வாக்குரிமை, விகிதாசாரத் தேர்தல், விரிவான அடிப்படை உரிமைகள் என்று அக்காலத்தில் மிக முற்போக்கானதாக இருந்தது. அதிலேயே 48ஆம் உறுப்புரையும் இருந்தது. பொது ஒழுங்குக்கு ஆபத்து நேர்ந்தால் சனாதிபதி இராணுவத்தைப் பயன்படுத்தலாம். ஏழு அடிப்படை உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்தலாம். பாராளுமன்றம் கேட்டுக்கொண்டால் அந்த நடவடிக்கைகளை அவர் விலக்கிக்கொள்ள வேண்டும். விவரங்களைத் தனிச் சட்டம் வகுக்கும் என்றும் எழுதப்பட்டது. அந்தத் தனிச் சட்டம் கடைசிவரை வரவே இல்லை.

இந்த அதிகாரம் வெறும் தீமை என்று சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. 1923ஐ எடுத்துக்கொள்வோம். சனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பிரதேசத்தை ஆக்கிரமித்தன. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்க அரசு நோட்டு அடித்தது. நவம்பரில் ஒரு அமெரிக்க டொலர் 4.2 இலட்சம் கோடி மார்க்குக்குப் போனது. வாழ்நாள் சேமிப்பு ஒரு துண்டுப் பாணுக்கும் காணாமற்போனது. அதே மாதம் மியூனிக்கில் ஹிட்லர் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்றார். சனாதிபதி ஏபேர்ட் 48ஆம் உறுப்புரையைக் கையில் எடுத்தார். பாராளுமன்றமும் காலவரையறையோடு அரசுக்குச் சிறப்பு அதிகாரம் கொடுத்தது. நவம்பர் 15இல் புதிய நாணயமான ரென்டன்மார்க் வந்தது, விலைகள் நிலைத்தன. நிறைவேற்று அதிகாரம் ஒப்படைக்கப்பட்டிருந்த இராணுவத் தளபதி செக்ட், 1924 பெப்ரவரி முடிவில் அதைத் திருப்பிக் கொடுத்தார். குடியரசு பிழைத்தது.

ஆனால் அந்த வெற்றியிலேயே ஒரு கறை உண்டு. சக்சனியில் சமூக ஜனநாயகக் கட்சியினரும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து சட்டப்படி அமைத்திருந்த மாநில அரசை மத்திய அரசு இராணுவத்தை அனுப்பி நீக்கியது. வெளிப்படையாகவே மத்திய அரசை மீறிய வலதுசாரி பவேரியா மீது அந்தக் கை நீளவில்லை. அவசர அதிகாரம் எல்லோர்மீதும் ஒரே பாரமாக இறங்குவதில்லை என்பது அன்றே தெரிந்தது. இலங்கைத் தமிழருக்கு இதை விளக்கவேண்டிய தேவை இல்லை.

1930இல் நிலைமை வேறு. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாதோர் பெருக, வேலையின்மைக் காப்புறுதிக்கு யார் எவ்வளவு கட்டுவது என்ற சண்டையில் மார்ச்சில் கூட்டணி உடைந்தது. புதிய பிரதமர் புரூனிங்கின் வரவுசெலவுத் திட்டத்தைப் பாராளுமன்றம் யூலையில் நிராகரித்தது. அவர் அதை அவசர ஆணையாக்கினார். பாராளுமன்றம் ஆணையையும் 236க்கு 221 என்ற வாக்கில் ரத்துச் செய்தது. சனாதிபதி ஹிண்டன்பேர்க் உடனே பாராளுமன்றத்தைக் கலைத்தார். ஆணை திரும்பவும் பிறப்பிக்கப்பட்டது. ஆணையை விலக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு, பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் சனாதிபதிக்கு. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்ததுதான் அந்த அரசியலமைப்பின் உயிர்நிலைத் தவறு. செப்டெம்பர்த் தேர்தலில் நாசிகளின் ஆசனங்கள் 12இலிருந்து 107 ஆகின.

அதன்பின் சமூக ஜனநாயகக் கட்சியும் பயந்தது. இன்னொரு தேர்தல் வந்தால் நாசிகள் இன்னும் வளர்வார்கள் என்று எண்ணி, புரூனிங்கின் ஆணைகளைச் சகித்துக்கொண்டது. சம்பளமும் உதவிப்பணமும் வெட்டப்பட்டது ஆணைகளால்தான். 1931இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 34, அவசர ஆணைகள் 44. அடுத்த ஆண்டில் சட்டங்கள் வெறும் ஐந்து. வேலையில்லாதோர் அறுபது இலட்சத்தைத் தொட்டிருந்த அந்த நேரத்தில், தங்களுடைய பிரதிநிதிகள் எதையும் தீர்மானிப்பதில்லை என்று மக்கள் கண்டுகொண்டார்கள். ஹிட்லர் 1933 சனவரியில் பதவியேற்றபோது பாராளுமன்றம் இல்லாமல் ஆளும் பழக்கம் அங்கே ஏற்கெனவே ஊன்றியிருந்தது. பெப்ரவரி 28இல் உரிமைகளை நிறுத்திய ஆணையும் அதே 48ஆம் உறுப்புரையின் கீழ் வந்ததுதான். அது 1945வரை நீக்கப்படவே இல்லை.

இலங்கையின் கதை சுதந்திரத்துக்கு முன்பே தொடங்குகிறது. வேலைநிறுத்தங்களுக்கு அஞ்சிய கொலனி அரசு 1947இல் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகள் நாட்டின் எந்தச் சட்டத்தையும் மேவலாம், அரசியலமைப்பைத் தவிர. பிரகடனத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்றும் எழுதப்பட்டது.

இதன் நன்மையைக் காட்ட ஒரே ஒரு ஆண்டு போதும்: 1958. இனக்கலவரம் பரவிக்கொண்டிருந்த நாட்களில் பிரதமர் பண்டாரநாயக்கவின் அரசு தயங்கியது. மே 27இல் அவசரகாலநிலை பிரகடனமாகி இராணுவம் இறங்கிய பிறகுதான் கொலைகள் கட்டுப்பட்டன. கொழும்பில் தஞ்சமடைந்திருந்த தமிழர் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டார்கள். அந்த நேரத்தில் தமிழர் கேட்டது அவசரகாலச் சட்டத்தைத்தான்; அது பிந்தி வந்ததே குறை.

1983 யூலையில் கதை தலைகீழ். அவசரகாலநிலை மே 18இலிருந்தே நடைமுறையில் இருந்தது. மரண விசாரணை இல்லாமலே உடல்களை அப்புறப்படுத்த இடமளித்த 15ஏ ஒழுங்குவிதி யூன் மாதத்திலேயே வந்துவிட்டது. அரசிடம் இல்லாத அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் கொழும்பில் கடைகள் எரிந்தன, வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஜெயபுரம் போன்ற ஊர்களுக்கு மக்கள் வந்து சேர்ந்தது அதிகாரம் போதாமையால் அல்ல. அதிகாரம் யாரைக் காக்க எழுந்தது, யாரைக் காக்க எழவில்லை என்பதால்.

அரசியலமைப்புப்படி அவசரகாலநிலைக்குப் பாராளுமன்றத்தின் ஒப்புதல் தேவை. மாதம் ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். காகிதத்தில் இது வைமாரைவிட நல்ல ஏற்பாடு. நடந்தது என்ன? 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். அதன்பின் 1989வரை, அவசரகாலச் சட்டத்தின் முழுப் பாரமும் இறங்கிய வடக்கிலிருந்து அதற்கு எதிராக வாக்களிக்க அநேகமாக எவரும் அந்தச் சபையில் இருக்கவில்லை. 1933 மார்ச்சில் 444க்கு 94 என்று ஹிட்லருக்குச் சட்டமியற்றும் அதிகாரம் வழங்கப்பட்டபோது, தேர்தலில் வென்ற 81 கம்யூனிஸ்டுகளின் கதிரைகளும் இப்படித்தான் வெறுமையாக இருந்தன. இரண்டு ஆட்சிகளும் ஒன்று என்பது இதன் பொருளல்ல; அப்படிச் சொல்வது அபத்தம். யார்மீது சட்டம் பாய்கிறதோ அவர்கள் இல்லாத சபையில் எடுக்கப்படும் வாக்கு, மாதாமாதம் எடுக்கப்பட்டாலும், காவலாக முடியாது என்பதே இங்கு கவனிக்கவேண்டியது.

வன்னிக்கு அந்த ஒழுங்குவிதிகள் வந்தது பொருளாதாரத் தடையாக. 1990இலிருந்து மின்கலம், சீமெந்து, எரிபொருள், பசளை என்று நீண்ட பட்டியல் வடக்கே போகத் தடையானது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. தடை தளர்ந்தது 2002இல். மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: விடுதலைப் புலிகளும் போர்த் தேவை என்ற காரணத்தைக் காட்டியே வெளியேறுவதற்குப் பாஸ் கேட்டார்கள், கடைசி ஆண்டுகளில் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். அங்கே வாக்கெடுப்பே இல்லை. 2009இல் போர் முடிந்தபோது 11,000க்கும் மேற்பட்டோரை ‘புனர்வாழ்வு’ என்று தடுத்துவைக்க இடங்கொடுத்ததும் அவசரகால ஒழுங்குவிதிதான். 2011இல் சட்டம் நீங்கியபோதும் அதன் சாரம் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குள் புகுந்துகொண்டது. மூன்று ஆண்டுக்கு என்று 1979இல் வந்த சட்டம் அது.

பொருளாதாரத்துக்கு இந்த மருந்து 1923இல் பலித்ததுபோல் எல்லா நேரமும் பலிப்பதில்லை. 2021 ஓகஸ்ட் முடிவில் சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அரிசி, சீனி பதுக்கலைத் தடுக்க அவசரகால ஒழுங்குவிதிகளைப் பிறப்பித்தார். ஒரு மாதத்துக்குள் அரிசியின் கட்டுப்பாட்டு விலையைக் கைவிட நேர்ந்தது. அதே ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரு வர்த்தமானியால் தடையானது. கிளிநொச்சி விவசாயிகள் பெரும்போகத்துக்குப் பசளையில்லாமல் தவித்தார்கள். 2022 ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. புரூனிங்கின் ஆணைகளுக்கும் இவற்றுக்கும் ஒரு பொதுக் குறை: விவாதத்தில் எழுந்திருக்கக்கூடிய எச்சரிக்கைகளுக்கு அவை நேரமே கொடுக்கவில்லை.

இந்த நீண்ட வரலாற்றில் தடுப்பு வேலை செய்த நாளும் ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 1இல் பிரகடனமான அவசரகாலநிலை ஏப்ரல் 5 இரவிலேயே நீக்கப்பட்டது. அன்றுதான் நாற்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அரசை விட்டு விலகினார்கள். ஒப்புதல் வாக்கெடுப்பில் வெல்வது நிச்சயமில்லை என்ற நிலை வந்தது. யூலையில் பதில் சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கொண்டுவந்த அவசரகாலநிலையோ 120க்கு 63 என்று நிறைவேறியது. கட்டளைச் சட்டத்தில் நீதிமன்றத் தடை இருந்தபோதும், அந்தப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது 2025 யூலையில். தீர்ப்பு முக்கியமானது, ஐயமில்லை. ஆனால் மூன்று ஆண்டு கழித்து வரும் தீர்ப்பு, தடுத்துவைக்கப்பட்டவருக்கு அன்றிரவு உதவாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் நாடு வெள்ளக்காடானபோது மீண்டும் அவசரகாலநிலை வந்தது. மீட்பும் நிவாரணமும் வேகமாக நடக்கவேண்டிய வேளையில் யாரும் அதைக் குறைசொல்ல மாட்டார்கள். எனினும் 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் கையில் இருக்கும்போது, கைதுசெய்யவும் தடுத்துவைக்கவும் இடமளிக்கும் பழைய கட்டளைச் சட்டத்தைத் தொடுவானேன் என்ற கேள்வி நியாயமானது.

ஜேர்மனி தன் அனுபவத்திலிருந்து கற்றது. 1949இன் அடிப்படைச் சட்டம் சனாதிபதிக்கு 48ஆம் உறுப்புரை போன்ற எதையும் கொடுக்கவில்லை. 1968இல் சேர்த்த அவசரகால விதிகளும் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் கதவை அடைக்க முடியாதபடி எழுதப்பட்டன. தென்னாபிரிக்காவின் 1996 அரசியலமைப்பு இன்னும் நுணுக்கமானது. முதல் 21 நாளுக்குப் பிறகு நீட்டிக்கப் பாராளுமன்றப் பெரும்பான்மை வேண்டும். அதற்கும் மேல் நீட்டிக்க 60 வீத வாக்கு வேண்டும். பிரகடனம் செல்லுமா என்பதை உரிய அதிகாரமுள்ள எந்த நீதிமன்றத்திலும் கேட்கலாம். அங்கே அவசரம் நீள நீள அதை நியாயப்படுத்துவது கடினமாகிக்கொண்டே போகிறது. இலங்கையில் 1986க்குப் பின் முதல் மாதத்துக்கும் நூறாவது மாதத்துக்கும் தேவைப்பட்டது ஒரே சாதாரணப் பெரும்பான்மைதான். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு எப்போது எழுந்தாலும், நீட்டிப்புக்கான வாக்கு வீதத்தை ஏற்றுவதும் நீதிமன்றத் தடையை எடுப்பதும் வடக்கு கிழக்கு உறுப்பினர்கள் முதலில் கேட்கவேண்டிய இரண்டு விடயங்கள்.