பணியாள் உடுப்பில் ஒரு பிரபு

போர் முடிந்தபின் பிரிட்டனில் ரொட்டிக்கும் ரேஷன் வந்தது. போர்க்காலத்தில்கூட இல்லாத அந்தக் கட்டுப்பாடு 1946 ஜூலையில் தொடங்கி இரண்டு ஆண்டு நீடித்தது. துணிக்குக் கூப்பன் 1949 வரை இருந்தது. அந்த மக்கள்தான் 1946இல் மட்டும் 160 கோடிக்கு மேல் சினிமா டிக்கெட் வாங்கினார்கள். 1948இல் பிரிட்டிஷ் படங்களில் வசூலில் முதலிடம் அவர்கள் கொடுத்தது, லண்டன் மாளிகை ஒன்றில் நடக்கும் ஆள்மாறாட்டக் காதல் கதைக்கு.

ஹெர்பர்ட் வில்காக்ஸ் இயக்கிய 'ஸ்பிரிங் இன் பார்க் லேன்' அது. குடும்பத்து ஓவியங்களை விற்று வாங்கிய காசோலை செல்லாது என்று நம்பிவிட்ட பிரபு வீட்டுப் பிள்ளை ரிச்சர்ட், ஒரு செல்வந்தர் வீட்டில் பணியாளாகச் சேர்கிறான். அங்கே செல்வந்தரின் உறவுப்பெண்ணும் காரியதரிசியுமான ஜூடி இருக்கிறாள். ரிச்சர்டாக வரும் மைக்கேல் வைல்டிங் தட்டேந்தி நிற்கும் தோரணையிலேயே வேஷம் பாதி கலைந்துவிடுகிறது. ஜூடியாக வரும் அன்னா நீகிள் அதைக் கண்டும் காணாததுபோல் ரசிக்கிறார். கனவுக் காட்சியில் இருவரும் மெதுவசைவில் ஆடும் நடனம் இன்றைக்கும் கண்ணைவிட்டு அகலாது. வெறும் மேல்பூச்சு என்று இந்தப் படத்தை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒட்டுப்போட்ட கோட்டோடு வரிசையில் நின்றவர்களுக்கு மின்னும் பட்டும் நிறைந்த மேசையும் எவ்வளவு வேண்டியிருந்தன என்பதை வில்காக்ஸ் அறிந்திருந்தார்.

ஆனால் ஜூடி காதலித்தது யாரை? ஓவியம் பற்றி நுட்பமாகப் பேசும், அழகாக நடனமாடும் ஒருவனை; பணியாள் உடுப்புக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் பிரபுவை. உண்மையான பணியாளை அவள் மணப்பாளா என்ற கேள்வியைக் கதை அவளிடம் கேட்பதே இல்லை. கடைசியில் காசோலையும் செல்லும் என்று தெரிகிறது. எல்லாரும் பிறந்த இடத்துக்கே திரும்புகிறார்கள். 1945இல் தொழிற்கட்சியை ஆட்சியில் அமர்த்திய நாடு, திரையில் இந்த ஏற்பாட்டைக் கைதட்டி வரவேற்றது.

1949இல் வந்த 'தி சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்' இதையே அரசியலாக்குகிறது. பிரபுவின் மகன் தொழிற்கட்சி வேட்பாளர். அவரை எதிர்த்துப் பழமைக் கட்சிக்காக நிற்பவர் வீட்டு பட்லர். பட்லர் ஜெயிக்கிறார், ஜெயித்தும் பதவியை விட்டுவிட்டுப் பழைய வேலைக்கே போகிறார். 1957இன் 'தி அட்மிரபிள் கிரைட்டன்' ஆளில்லாத் தீவில் பட்லரைத் தலைவனாக்கிப் பார்த்தது. லண்டன் திரும்பியதும் தலைமையும் போயிற்று, சீமாட்டியின் காதலும் போயிற்று.

ரொனால்ட் நீம் 1954இல் எடுத்த 'தி மில்லியன் பவுண்ட் நோட்' இவற்றைவிடத் துணிச்சலானது. மார்க் ட்வைன் கதைக்குத் திரைக்கதை எழுதியவர் ஜில் கிரெய்கி, உறுதியான சோஷலிஸ்ட். கையில் காசில்லாத அமெரிக்கர் கிரெகரி பெக்கிடம் பத்து லட்சம் பவுண்ட் நோட்டு ஒன்று வந்து சேர்கிறது. அதை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. காட்டினாலே தையற்காரர் வளைகிறார், ஓட்டல் கதவு திறக்கிறது. நோட்டு காணாமற்போன செய்தி பரவியதும் அதே மனிதர்கள் கடனைக் கேட்டு மொய்க்கிறார்கள். பிறப்புக்குக் கிடைத்த மரியாதை ஒரு காகிதத்துக்கும் கிடைக்கும் என்று பளிச்சென்று காட்டிய படம் இது. காதல் பகுதிதான் இதில் மெலிந்து கிடக்கிறது.

இந்த வரிசையில் என் நெஞ்சுக்கு நெருக்கமானது எல்லாவற்றுக்கும் முந்தியது: 1945இல் பவல், பிரஸ்பர்கர் இருவரும் தந்த 'ஐ நோ வேர் ஐ'ம் கோயிங்!'. பெருந்தொழிலதிபரை மணக்க ஸ்காட்லாந்துத் தீவு கிலோரனுக்குக் கிளம்புகிறாள் ஜோன். கடல் கொந்தளித்து வழியை மறிக்கிறது. தீவு தன் மாப்பிள்ளையுடையது என்று எண்ணியிருந்தவளுக்கு, அவர் வெறும் குத்தகைக்காரர் என்பதும், பக்கத்தில் நிற்கும் எளிய கடற்படை அதிகாரிதான் கிலோரனின் உரிமையாளர் என்பதும் தெரியவருகின்றன. இங்கே யாரும் வேஷம் போடவில்லை. பணத்தை வைத்து ஆளை எடைபோட்டது அவள் கண். ஜோனாக வரும் வெண்டி ஹில்லர் முகத்தில் அந்தத் தடுமாற்றம் சிறிது சிறிதாகப் படர்கிறது. அதிகாரியாக வரும் ரோஜர் லிவ்சி லண்டன் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்ததால் தீவுப் பக்கமே போகவில்லை. அங்கே தூரக் காட்சிகளில் நடப்பவர் அவருக்கான மாற்று ஆள். பார்ப்பவருக்கு அது தெரிவதே இல்லை.

1958இல் உயர்குடி இளம்பெண்களை அரசவையில் அறிமுகப்படுத்தும் வழக்கம் நின்றது. அடுத்த ஆண்டு 'ரூம் அட் தி டாப்' வந்தது. அதன் நாயகன் தன் வர்க்கத்தை மறைக்காமலே மேலே ஏறினான். பிரபு பணியாளாக வரும் கதைக்கு அதன்பின் பழைய மவுசு இல்லை. இவற்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் ஜோனின் பயணத்தைப் பாருங்கள்.