ஆட்டத்தைக் காட்டாத தொடர்

போன மாசம் அக்கா பையன் ஒரு கூகுள் டாக்குமெண்ட் அனுப்பினான். அவனும் காலேஜ் நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து வீடியோ கேம் ஆடுகிறவர்களைப் பற்றித் தமிழில் ஒரு வெப் சீரிஸ் எடுக்கப் போகிறார்களாம். மொத்தம் பதினைந்து பக்கம். அதில் பன்னிரண்டு பக்கம் புரமோஷன்: எந்தக் கிழமை எந்த ரீல்ஸ், தம்ப்நெயிலில் யார் முகம், எந்த ஸ்ட்ரீமரிடம் போய்க் கேட்பது, டிரெய்லருக்கு முன்னால் எத்தனை டீசர். மீதி மூன்று பக்கம் கதை. "மாமா, நீங்கதான் பழசெல்லாம் தோண்டி எழுதுவீங்களே, இதைப் பார்த்துட்டு சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி.

அவனுக்கு எழுத வேண்டிய பதில்தான் நீண்டு இந்தக் கட்டுரையாகிவிட்டது. பதில் எழுதுவதற்காக 'தி கில்ட்' தொடரை முழுசாக இன்னொரு முறை பார்த்தேன். ஆறு சீஸன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. முதல் சீஸனின் பத்து எபிசோடையும் சேர்த்தால்கூட ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

தெரியாதவர்களுக்கு: 2007 ஜூலையில் யூட்யூபில் வந்த தொடர். எழுதியவர், கதாநாயகி இரண்டுமே ஃபெலிசியா டே. டிவியில் சின்னச் சின்ன வேஷம் போட்டுக்கொண்டிருந்த நடிகை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டுக்கு அடிமையாகி இரண்டு வருஷம் கிடந்தவர். அதிலிருந்து வெளியே வந்ததும் அந்த அனுபவத்தை டிவிக்கான அரைமணி நேர சிட்காமாக எழுதினார். இது ரொம்பச் சின்னக் கூட்டத்துக்கானது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு கிம் ஈவி என்ற தயாரிப்பாளர் தோழியுடன் சேர்ந்து அதையே துண்டு துண்டாக்கி, சொந்தக் காசில் எடுத்து இணையத்தில் போட்டார். மூன்று எபிசோடில் காசு தீர்ந்தது. வெப்சைட்டில் ஒரு பேபால் பட்டன் வைத்தார்கள். பார்த்தவர்கள் அனுப்பிய பணத்தில்தான் முதல் சீஸன் முடிந்தது. பணம் கொடுத்தவர்கள் பெயர் டைட்டிலில் வந்தது. 2008 கடைசியில் மைக்ரோசாஃப்ட் இரண்டாவது சீஸனை எக்ஸ்பாக்ஸில் வெளியிட முன்வந்தது. தொடரின் உரிமையை டே விட்டுக்கொடுக்கவில்லை என்பது இதில் முக்கியமான சங்கதி.

கதை சிம்பிள். ஆன்லைனில் ஒரே குழுவாகச் சேர்ந்து ஆடும் ஆறு பேர், முதல்முறையாக நேரில் சந்திக்கிறார்கள். இந்த ஆறு சீஸனிலும் அவர்கள் ஆடுகிற ஆட்டத்தை நாம் பார்ப்பதே இல்லை. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் 'கேம்'. காமிரா எப்போதும் மானிட்டருக்கு இந்தப் பக்கம், ஹெட்செட் மாட்டிய முகங்களின் மேலேதான்.

காசில்லாததால் செய்தது என்று ஒரு வரியில் இதைத் தாண்டிவிடலாம். வேறொருவருடைய ஆட்டத்தைக் காட்டினால் வரும் உரிமைச் சிக்கலும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் பலன் என்னவென்று பாருங்கள். ஆட்டம் தெரியாத என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நாலு எபிசோட் பார்த்தாள். அவளுக்கு அது ஒரு சபா நாடகம் மாதிரி இருந்ததாம்.

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் வளர்ந்த யாருக்கும் இந்த வடிவம் புதுசு இல்லை. ஒரு சோபா, ஒரு டெலிபோன், இரண்டு வாசல், பகலில் ஆபீஸ் போகும் ஆறேழு நடிகர்கள். அரங்கப் பொருள் கம்மி, பேச்சு ஜாஸ்தி. எங்கள் மந்தைவெளிவாசியான கிரேஸி மோகனையே எடுத்துக்கொள்வோம். கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். 1976இல் எஸ்.வி.சேகர் குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். 1979இல் சொந்தக் குழு. நாடகத்துக்கு நாடகம் கதை மாறும், மாது என்ற பெயரும் ஜானகி என்ற பெயரும் மாறாது. ஜனங்கள் மாதுவைப் பார்க்கத்தான் வந்தார்கள், கதை அடுத்ததுதான். வெப் சீரிஸ் என்ற சொல் வருவதற்கு முன்னாலேயே இது கிட்டத்தட்ட ஒரு சீரிஸ். சபா உறுப்பினர் சந்தா கட்டிவிடுவார், மாசாமாசம் வந்து உட்காருவார், குழுவுக்கு அந்த உறுதி போதும். பேபால் பட்டனும் என் கணக்கில் அந்தச் சந்தாதான். பார்க்க வருகிறவனையே பங்காளியாக்கிக்கொள்வது.

மருமகனின் பன்னிரண்டு பக்கத்தில் இதுதான் இல்லை. அதில் இருப்பது ஆள் சேர்ப்பு. தெருமுனையில் மைக் கட்டிக் கூப்பிடுவது. தப்பில்லை, கூப்பிட்டால்தான் வருவார்கள். ஆனால் வந்தவன் எதற்காக இரண்டாவது வாரமும் வரவேண்டும் என்பதற்கு அந்த அட்டவணையில் ஒரு கட்டமும் இல்லை. ஸ்பான்சர் என்று ஒரு பத்தி இருக்கிறது, அதில் ரம்மி ஆப்களின் பெயர்கள். தமிழ் யூட்யூபில் பல வருஷம் ஓடிய வண்டிதான் அது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் சேர்த்தே தடை செய்துவிட்டதே என்று கேட்டேன். "ஆமால்ல" என்றான்.

'தி கில்ட்' மட்டும்தான் வழி என்று சொல்ல வரவில்லை. அதற்கு நாலு வருஷம் முன்னால், 2003 ஏப்ரலில், டெக்சாஸிலிருந்து 'ரெட் வெர்சஸ் ப்ளூ' ஆரம்பித்தது. அவர்கள் நேர் எதிர்: முழுக்க முழுக்க ஆட்டத்துக்குள்ளேயே எடுத்தார்கள். 'ஹேலோ' விளையாட்டில் சிப்பாய்களை ஆளுக்கொருவராகக் கண்ட்ரோலரில் ஆட்டிவைத்து, மேலே குரல் கொடுத்தார்கள். பொம்மலாட்டம்தான், கயிறுக்குப் பதில் கண்ட்ரோலர். அந்த ஆட்டத்தில் சிப்பாய் எப்போதும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டே நிற்பான். அப்படி நின்றுகொண்டு சாவகாசமாகப் பேசினால் நன்றாகவா இருக்கும்? கைத்துப்பாக்கி வைத்திருக்கும்போது நேர் கீழே பார்த்தால் துப்பாக்கி தாழ்ந்து, தலை மட்டும் நிமிர்ந்து நிற்கிற மாதிரி தெரியும் ஒரு பிழை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த 'ஹேலோ'வில் ஆயுதத்தைத் தாழ்த்தும் வசதியையே கம்பெனி இவர்களுக்காகச் சேர்த்துக்கொடுத்தது. ஒரு பக்கை வைத்து இருபது வருஷம் ஓட்டிய கதையை எந்த ப்ரோகிராமரும் கண்கலங்காமல் படிக்க முடியாது.

2012இல் வந்த 'வீடியோ கேம் ஹை ஸ்கூல்' இன்னொரு தினுசு. 75,000 டாலர் வேண்டும் என்று கிக்ஸ்டார்ட்டரில் கேட்டு 2,73,000க்கு மேல் வாங்கினார்கள். ஆட்டத்தையே நிஜ நடிகர்களை வைத்து, வெடி, புகை எல்லாம் போட்டுக் காட்டினார்கள். கண்ணுக்கு விருந்து, மறுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு முகம்கூட ஞாபகம் இல்லை. மருமகனும் நண்பர்களும் எடுக்க நினைப்பது இதைத்தான். கையில் இருப்பது இரண்டு போனும் ஒரு கிம்பலும்.

'தி கில்ட்' மேல் எனக்கு இருக்கும் புகாரையும் சொல்லிவிடுகிறேன். ஆறு பேரில் ஒருவன் சாபூ. முழுப்பெயர் சுஜன் பாலகிருஷ்ணன் கோல்ட்பெர்க், நடித்தவர் சந்தீப் பாரிக். பாலகிருஷ்ணன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் எபிசோடிலேயே இவன் கதாநாயகி கோடெக்ஸின் வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து நிற்கிறான். ஆன்லைனில் அவள் போட்ட ஸ்மைலிகளைக் காதல் என்று எடுத்துக்கொண்டவன். போகச் சொன்னாலும் போகமாட்டேன் என்கிறான். தொடர் இதை முழு நகைச்சுவையாகவே நடத்துகிறது. நம்ம சினிமாவில் ஐம்பது வருஷமாகப் பெண்ணின் பின்னால் சுற்றுவதைக் காதலாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அமெரிக்காவிலும் இதே சரக்கா என்று சலிப்புத்தான் வந்தது. அவன் அம்மாவைக் கிட்டத்தட்ட ராட்சசியாக்கி, சீஸன் முடிவில் எல்லோரும் சேர்ந்து எதிர்கொள்ளும் 'பாஸ்' ஆக வைத்தது இன்னும் மலிவு. 2010இல் பாலிவுட் பாணியில் ஒரு பாட்டும் எடுத்தார்கள். அது பரவாயில்லை, பாட்டாவது துள்ளலாக இருக்கிறது.

இருந்தும் தொடர் நிற்கிறதே, எப்படி? இந்தக் கேள்வியோடுதான் இரண்டாவது ஞாயிறு முழுக்கப் போனது. பதில் ஒவ்வொரு எபிசோடின் ஆரம்பத்திலும் இருக்கிறது. கோடெக்ஸ் தனியாக வெப்காமுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவாள். வேலை போச்சு, வெளியே போகப் பயமாக இருக்கிறது, மனநல ஆலோசகரே தன்னைக் கைவிட்டார், எல்லாம் சொல்வாள். தொடரில் எல்லோரும் கேலிக்கு ஆளாகிறார்கள். பிள்ளைகளை மறந்து ஆடும் கிளாரா, சட்டம் பேசும் வோர்க், சொந்தப் பெயரைக்கூடச் சொல்லாத டிங்கர்பல்லா. ஆனால் முதல் அடி எழுதியவர் தன்மேலேயே போட்டுக்கொண்டது. தொடர் தொடங்கிய மாசம் அந்த ஆட்டத்துக்கு உலகம் முழுக்க 90 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அதுவரை அவர்களை டிவி காட்டியதெல்லாம் வெளியே நின்று சிரிப்பதற்காகத்தான். உள்ளே இருந்து ஒருத்தி தன்னைப் பார்த்துச் சிரித்ததும், பட்டனை அமுக்கினார்கள். புரமோஷன் என்று ஏதாவது நடந்தது என்றால் அது எழுதும்போதே நடந்துவிட்டது.

தமிழில் இதற்கு அருகே வருவது அஸ்வின் சரவணனின் 'கேம் ஓவர்' (2019). டாப்ஸி அதில் கேம் டெவலப்பர். ஆட்டத்தின் மூன்று உயிர் கணக்கைக் கதையின் எலும்பாகவே ஆக்கியது கெட்டிக்காரத்தனம். அதில்கூட ஆடுவதன் சுகம், நாலு பேர் சேர்ந்து ஆடும் அரட்டை கிடையாது. அது அந்தப் படத்தின் வேலையும் இல்லை.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவன் என்ன கிழித்தான் என்று கேட்டால், சொல்ல ஒன்று இருக்கிறது. 2008இல் நாங்கள் மூன்று பேர் இதே முயற்சி செய்தோம். ஒரே ஆபீஸ், ஒரே ஏரியா. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து மந்தைவெளியில் ஒரு பிரவுசிங் சென்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக். மணிக்கு இருபது ரூபாய், பாதி ஷட்டர் இறக்கிவிட்டு ஓனரும் ஆடுவார். 'தி கில்ட்' பார்த்த வேகத்தில், நாமும் எடுக்கலாம் என்று வாடகைக்கு ஒரு ஹேண்டிகாம் வாங்கினோம். ஸ்கிரிப்ட் நான். மூன்று நாள் ஷூட்டிங்கும் நடந்தது.

என் ஹீரோ, எந்நேரமும் சென்டரிலேயே கிடக்கும் ஒரு மக்கு. வீட்டில் அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதுகூடத் தெரியாமல் ஆடிக்கொண்டிருப்பான். அதுதான் பெரிய காமெடி சீன் என்று நினைத்தேன். எங்கள் மூவரில் ஒருவனுடைய அப்பாவுக்கு அப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வீட்டுக்குப் போக மனசில்லாமல்தான் அவன் விடியவிடிய ஆடினான். எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். 'யாருக்கும் புரியாது' என்று வேறு நினைத்தேன். நாலாவது நாள் அவன் வரவில்லை. ஒரு வார்த்தை சண்டை கிடையாது. ஆறு மாசத்தில் வேறு வேலை, வேறு ஊர்.

பட்ஜெட் இல்லை, தமிழில் இதற்கு ஆடியன்ஸ் இல்லை என்று ரொம்ப வருஷம் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் பழைய ஸ்கிரிப்டை எடுத்துப் படித்தபோது கவனித்தது: பதினோரு பாத்திரம் இருக்கிறது, ஓனர்கூட இருக்கிறார், என் சாயலில் ஒருத்தன்கூட இல்லை. நான் எல்லோரையும் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

இதை மருமகனிடம் போனில் சொன்னேன். அவனுடைய மூன்று பக்கத்திலும் அவன் இல்லை, அவர்கள் ஐந்து பேரில் யாருமே இல்லை என்பதையும் சொன்னேன். செமஸ்டர் போய்விடுமோ என்று பயந்துகொண்டே ராத்திரி ரெண்டு மணிக்கு ஆடுகிறவன் அவன். கதையில் இருப்பதோ லட்சம் ஃபாலோயர் வைத்திருக்கும் ஒரு ஸ்ட்ரீமர். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அந்த டேப் இருக்கா மாமா?" என்றான்.

இருந்தது. மினி டிவி டேப், பரண்மேல், கல்யாண சிடிகளுக்கு நடுவில். போட்டுப் பார்க்கத்தான் வீட்டில் எதுவும் இல்லை. கேட்காமல் யாருக்கும் காட்டக் கூடாது என்று தோன்றியது. பழைய ஆபீஸ் குரூப்பில் நண்பனின் நம்பர் கிடைத்தது. நடந்ததையெல்லாம் எழுதி, அந்த சீனுக்கு மன்னிப்பும் கேட்டு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்க ப்ளூ டிக்கோடு நின்றது.

மறுநாள் காலை பதில் வந்தது. "எங்க வீட்டு வாசல்ல ஒரு ஷாட் எடுத்தோம்ல, அதுல பின்னாடி அப்பா பால் வாங்கிட்டு நடந்து போவார். அது இருக்கா பாருடா."

மெட்ரோ தோண்டலைச் சுற்றிக்கொண்டு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போய் டேப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் ஓரத்தில் லேசாகப் பூஞ்சை இருக்கிறது, முயற்சி பண்ணுகிறேன் என்றார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.