முதல் ஆதாமும் மேஸ்திரியும்: பொய் வாக்கு, சோதனை, நேர்மை குறித்த ஒரு வாசிப்பு

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில் உள்ள சித்தியவான் நகரின் பெயருக்கு வழங்கும் கதை நம்மில் பலர் அறிந்ததே. ஆற்றுச் சேற்றில் சிக்கிய யானையை விட்டகலாமல் அதன் துணை யானையும் அங்கேயே நின்று உயிர்விட்டது என்பர். 'செத்தியா காவான்', அதாவது நம்பிக்கைக்குரிய தோழமை, என்னும் மலாய்த் தொடரே ஊர்ப்பெயராயிற்று என்பது அக்கதையின் முடிபு. மலாய் மொழியின் 'செத்தியா' வடமொழிச் 'சத்திய'த்தின் வழிவந்த சொல். தமிழர் நாவில் அப்பெயர் 'சித்தியவான்' எனத் திரிந்து, சத்தியவானுக்கு ஓரெழுத்துத் தொலைவில் வந்து நின்றது. வாக்கு மாறாமையைப் பெயரிலேயே தாங்கிய ஓர் ஊரை முன்னிறுத்தி, வாக்குத் தவறியோரைப் பற்றிய இரு நூல்களைப் படிக்க முற்படுகிறோம்.

இவ்வூரின் வரலாற்றிலேயே இரு வாக்குறுதிகள் அருகருகே கிடக்கின்றன. 1903ஆம் ஆண்டு செப்டம்பரில், மெதடிஸ்டு போதகர் லூவரிங்கின் முயற்சியால் சீனாவின் ஃபூச்சோவ் பகுதியிலிருந்து கிறித்தவக் குடியேறிகள் இங்கு வந்திறங்கினர். அவர்களுக்குச் சொல்லப்பட்டது நிலம். கிடைத்தது முதலில் காடு. நெல் விளைவிக்கும் திட்டம் தோற்றது. ரப்பரே பின்னர் அவர்களைத் தாங்கியது. ஆயினும் காடோ மேடோ, நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. ஆள்சேர்த்தவர்களும் அவர்களோடு இருந்தனர். அதே வட்டாரத்துச் சுங்கை வாங்கி போன்ற தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர்க்கும் ஒரு வாக்கு அளிக்கப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்தது லயத்து வீடும் நாட்கூலியும். அந்த வீடும் வேலை உள்ளவரைக்குமே. இரு கூட்டத்தாரும் வறுமையினின்றும் புறப்பட்டவர்களே. ஒரு வாக்கு குறைபட்டேனும் நிறைவேறியது; மற்றது நிறைவேறவே அமைக்கப்படவில்லை.

இவ்வேறுபாட்டை வகுப்பறையில் எடுத்துரைக்கும்போது நம் மாணவரிடமிருந்து தவறாமல் எழும் வினா ஒன்றுண்டு. அவர்கள் ஏன் நம்பினார்கள்? வினா எளிது, அதனுள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. பாட்டனும் பாட்டியும் ஆசைப்பட்டார்கள், ஆகவே ஏமாந்தார்கள் என்னும் எண்ணம் மூன்றாம் தலைமுறையிடம் வேர்விட்டுள்ளது. ஆசைப்பட்டவரே பொறுப்பாளி என்னும் இக்கருத்துக்குச் சமய மரபுகள் பலவும் துணை நின்றுள்ளன. கிறித்தவத் தமிழிலக்கியத்தில் இக்கருத்து எவ்வாறு வேரூன்றியது, எங்கே அது தடுமாறுகிறது என்பதே நம் ஆய்வுப் பொருள்.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக்கதை தமிழில் இருவகையில் வாழ்ந்தது. சாமுவேல் பவுல் அதனைப் 'பரதேசியின் மோட்சப் பிரயாணம்' என உரைநடையில் தந்தார். 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றப்படும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) அதனைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை இயற்றினார். அது 'நற்போதகம்' இதழில் பல்லாண்டுகள் தொடராக வந்து 1894இல் நூலாயிற்று. கம்பரின் யாப்பும் அணியும் அதில் கிறித்தவப் பொருளுக்கு இசைந்து ஒலிப்பதை அறிஞர் பலர் விரித்துள்ளனர். அதனை மீண்டும் கூறவேண்டுவதில்லை. நாம் கருதுவது வேறொன்று. கிருஷ்ணபிள்ளை திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். 1876–78 தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கிய தலைமுறையில் எழுதியவர். அவர் பயணியை அனுப்பிய அதே சீமையிலிருந்து வேறு பயணிகளும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் மலைத்தோட்டங்களுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தனர். காப்பியத்தின் பசி ஆன்மாவின் பசி. வழிநெடுக நடந்தோரின் பசி சோற்றுப் பசி.

பனியனின் மூலநூலில் ஒரு நிகழ்ச்சி இவ்விரண்டையும் எதிர்பாராதவாறு இணைக்கிறது. உண்மையுள்ளவன் என்னும் பயணி குன்றின் அடிவாரத்தில் ஒரு கிழவனைச் சந்திக்கிறான். அவன் பெயர் முதல் ஆதாம், ஊர் வஞ்சகபுரி. தன்னிடம் வேலைக்கு வந்தால் நல்ல கூலி தருவதாகவும், வீட்டில் சுவையான உணவுக்குக் குறைவில்லை எனவும், தன் மூன்று பெண்களையும் மணமுடித்துத் தருவதாகவும், இறுதியில் தன் வாரிசாக்குவதாகவும் சொல்கிறான். பயணிக்குச் சற்றே ஆசை எழுகிறது. அப்போது கிழவனின் நெற்றியில் எழுதியிருந்த எச்சரிக்கை அவன் கண்ணில் படுகிறது. உடனே அவன் உள்ளத்தில் ஓர் எண்ணம் நெருப்பாய்ப் பற்றுகிறது: இவன் என்ன இனிக்கப் பேசினாலும், வீட்டுக்குக் கொண்டுபோனதும் என்னை அடிமையாக விற்றுவிடுவான். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவர் ஆன்மாவைப் பற்றி எழுதிய இப்பகுதியைத் தோட்டத் தமிழர் வரலாறு அறிந்த எவரும் உருவகமாக மட்டும் படித்துவிட இயலாது. கூலி, வீடு, உணவு, பின்னர் அடிமைத்தனம் என்னும் வரிசை அப்படியே இருக்கிறது.

அடுத்து நிகழ்வது நம் ஆய்வுக்கு மேலும் முதன்மையானது. உண்மையுள்ளவன் மறுத்து விலகி மேலே ஏறுகிறான். ஒருவன் துரத்தி வந்து அவனை அடித்து வீழ்த்துகிறான். காரணம் கேட்டால், உள்ளுக்குள் முதல் ஆதாமின்பால் சாய்ந்தாயே என்கிறான். அடித்தவன் மோசே, அதாவது நியாயப்பிரமாணம். கையில் தழும்புடைய ஒருவர் வந்து தடுத்திராவிட்டால் அடி நின்றிராது. மறுத்தவனுக்கு அடி விழுகிறது. பொய் சொன்ன கிழவனோ கதையிலிருந்து சுகமாக மறைந்துபோகிறான். சோதனையை ஆன்மாவின் உட்போராகக் காணும் மரபுக்கு இது இயல்பே. அங்கே பொய்யனின் பணி சோதிப்பது மட்டும். அவனுடைய கணக்கை அங்கு எவரும் கேட்பதில்லை. இக்குறையைப் பனியன் மேல் மட்டும் சுமத்துவது பொருந்தாது. ஆயினும் இம்மரபில் ஊறிய வாசகன் தோட்ட வரலாற்றைப் படிக்கையில், தன்னை அறியாமலே ஆசைப்பட்டவனைத் தேடிப் பிடிக்கிறான், வாக்களித்தவனை விட்டுவிடுகிறான்.

அந்தக் கணக்கைக் கேட்டவர் பி.எச். டேனியல். 1940களில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய இவர் 1969இல் 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். இரா. முருகவேள் அதனை 2007இல் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். இயக்குநர் பாலாவின் 'பரதேசி' (2013) திரைப்படம் இந்நாவலைத் தழுவியது. பனியனின் தமிழ்த் தலைப்பில் புண்ணியப் பயணியைக் குறித்த அதே சொல் திரையில் நாதியற்றவனைக் குறித்தது. இருபொருளும் தமிழில் ஏற்கெனவே இருந்தவைதாம்.

நாவலின் கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிச் சீமையின் மயிலோடையைச் சேர்ந்தவர்கள். 1925ஆம் ஆண்டின் இறுதியில் கதை தொடங்குகிறது. வேலை தேடி அலையும் கருப்பனை மேஸ்திரி சங்கரபாண்டியன் கண்டுகொள்கிறான். நல்ல கூலி, வீடு, முன்பணம், கொஞ்ச காலத்தில் மிச்சம் பிடித்துத் திரும்பலாம் என்னும் நம்பிக்கை. பின்னர் ஆனைமலையின் குளிரும் அட்டையும் மலேரியாவும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் உழைத்தவர்மேல் கடனே மிஞ்சுகிறது. முன்பணம் என்பது அன்பளிப்பன்று, விலங்கு என்பது அவர்களுக்கு அப்போதுதான் விளங்குகிறது.

டேனியலின் வலிமை எங்கிருக்கிறதெனில், மேஸ்திரியின் வாக்கை அவர் சோதனையாக அன்றி வணிகமாகக் காட்டுகிறார். ஒவ்வொரு தலைக்கும் மேஸ்திரிக்குத் தரகு உண்டு. முதல் ஆதாமின் நெற்றியில் எழுத்து இருந்தது. பயணிக்குப் படிக்கவும் தெரிந்திருந்தது. கருப்பன் கைநாட்டு வைத்தவன். மேலும் ஆள்பிடிப்போரின் நெற்றியில் எச்சரிக்கை எழுதியிருப்பதில்லை. பெரும்பாலும் ஊரார் மதிக்கும் திருநீறே இருந்தது. தன் ஊர், தன் பேச்சு, சில வேளை தன் உறவு. நம்பாமல் இருப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டியிருந்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை நமக்கும் தேவை. ஆனைமலையை அப்படியே பேராக்கின்மேல் ஏற்றிப் படிப்பது பிழை. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. 1907–08இல் உருவான குடியேற்ற நிதியின் பின்னர்க் கங்காணி வழி வந்தோரின் பயணச் செலவு அவர்கள்மேல் கடனாக ஏறவில்லை. ஒரு மாத முன்னறிவிப்புடன் விலகும் உரிமையும் சட்டப்படி இருந்தது. 1938இல் இந்திய அரசு இவ்வகை ஆள்சேர்ப்பையே தடை செய்தது. ஆனால் கங்காணிக்குத் தன்கீழ் வேலைக்கு நிற்கும் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் தலைக்காசு கிடைத்தது. ஆள் நின்றால் காசு, போனால் இழப்பு. உரிமை ஏட்டில் இருந்தது. அதனைச் சொல்லவேண்டியவனுக்கோ சொல்லாமலிருப்பதில்தான் ஆதாயம். இது பொய் பேசுவதைவிட நுட்பமான நேர்மையின்மை. டேனியலின் நாவலில் இதற்கு இடமில்லை. மலாயாத் தமிழ்ப் புனைகதையிலும் கங்காணியின் மௌனத்தை எழுதியவர் அரியர், கங்காணியின் பிரம்பை எழுதியவரே மிகுதி.

விவிலியத்தில் இதற்கு ஒப்பு தேடுவோர் பொதுவாக வனாந்தரச் சோதனையை எடுத்துக்காட்டுவர். நாற்பது நாள் உண்ணாதிருந்தவரிடம் முதலில் பேசப்படுவது அப்பத்தைப் பற்றி; லூக்காவின் வரிசையில் அடுத்துக் காட்டப்படுவது உலக அரசுகள். அவை தனக்கு ஒப்புவிக்கப்பட்டவை எனச் சாத்தான் சொல்லிக்கொள்கிறான். பிறருடைய உடைமையைக் காட்டி வாக்களிக்கும் இவ்வுத்தி கங்காணிக்கும் பொருந்துவதே. அவன் தருவதாகச் சொன்ன எதுவும் அவனுடையதன்று. எனினும் இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிகிறது. வனாந்தரத்தில் பசித்தவர் தனியர். தம் பசியை அவர் தாமே ஏற்றார். கருப்பனின் பசி அவன் ஏற்ற நோன்பன்று. அவனுக்கு வள்ளி உண்டு, வீட்டில் வயிறுகள் உண்டு. பிள்ளையின் பட்டினிமுன் மறுத்துரைப்பதைப் புண்ணியம் என்று சொல்ல எந்தப் போதகரும் துணியமாட்டார் என நம்புகிறோம்.

லாபானே நமக்கு நெருங்கிய உவமை. ஆதியாகமத்தில் யாக்கோபின் தாய்மாமன் அவன். ஓடிவந்து தழுவி, நீ என் எலும்பும் தசையும் என்னும் பொருள்பட உறவு சொல்லி வரவேற்கிறான். ஏழாண்டு வேலைக்கு இளையவள் எனப் பேசி மூத்தவளைத் தருகிறான். மேலும் ஏழாண்டு வாங்குகிறான். பின்னும் ஆறாண்டு. கூலியைப் பத்துமுறை மாற்றினான் என்பது யாக்கோபின் முறையீடு. உறவு, ஒப்பந்தம், மாற்றப்பட்ட கூலி என எல்லாம் உள்ள இக்கதையில் யாக்கோபின் ஆசையை எவரும் இழித்துரைப்பதில்லை. அவன் ராகேலை விரும்பியது குற்றமாக எண்ணப்படவில்லை. அவனும் முன்பு பார்வையற்ற தந்தையை ஏமாற்றியவன் என்பதை விவிலியம் மறைக்கவில்லை. ஏமாந்தவன் தூயவனாக இருக்கவேண்டும் என்னும் நிபந்தனையின்றியே லாபானின் கணக்கு கேட்கப்படுகிறது. கருப்பனை மாசற்றவனாகவே காட்ட டேனியல் மிகவும் பாடுபடுகிறார். அப்பாடு தேவையற்றது என்பது நம் கருத்து.

இதனினும் பெரிய குறை மேஸ்திரியின் வார்ப்பில் உள்ளது. சங்கரபாண்டியன் வரும்போதே வஞ்சகனாக வருகிறான். தன் வாக்கைத் தானே ஒரு காலத்தில் நம்பியிருக்கக்கூடியவன் என்னும் சாயல் அவனிடம் இல்லை. மலாயாக் கங்காணியரில் பலர் முன்பு கூலிகளாக வந்தவர்கள். தாம் பிழைத்ததையே பிறர்க்கும் வாக்காகச் சொன்னவர்களும் அவர்களிடை இருந்திருப்பர். பொய்யெனத் தெரிந்து சொன்னவனைவிடத் தன்னையே முதலில் ஏமாற்றிக்கொண்டவன் புனைகதைக்கு வளமான பாத்திரம். நேர்மையின் முழுச்சுமையையும் நாவலாசிரியர் மருத்துவர் ஆபிரகாமின் தோளில் வைத்துவிட்டார். நோயுற்றவரை மனிதராக மதிக்கும் அவ்வுருவில் ஆசிரியரின் சமயப்பற்றும் பட்டறிவும் கலந்துள்ளன. சில இடங்களில் அவர் மனிதராக அன்றி மீட்பராகவே நடமாடுகிறார். கம்பெனிச் சம்பளம் வாங்கும் மருத்துவனின் மனச்சாட்சி எத்தனை இரவு சமாதானம் தேடியிருக்கும்? அவ்வினாவை எழுப்பக்கூடிய பட்டறிவு டேனியலுக்கு இருந்தது. நாவல் அதனருகே வந்து திரும்பிவிடுகிறது.

மலாயாவில் இவ்வரலாறு ஒருமுறையோடு நிற்கவில்லை. சப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு ஆள் திரட்டியபோதும் முதலில் நல்ல கூலியும் குறுகிய தவணையுமே சொல்லப்பட்டன. பின்னர் ஆள்பிடி வெளிப்படையாயிற்று. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இதனைப் பதிவு செய்துள்ளன. மறுத்தவனையும் லாரியில் ஏற்றியபின், ஆசைதான் காரணம் என்னும் விளக்கம் நிற்க இடமின்றிப் போகிறது.

இறுதியாக மொழி பற்றி ஒன்று. மேஸ்திரியின் வாக்கு உண்மையில் தமிழில் பேசப்பட்டது. டேனியல் அதனை ஆங்கிலம் படிப்போர்க்காக எழுதினார். அவ்வாக்கால் பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலார் அந்நூலைப் படித்திருக்க இயலாது. முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது மீண்டும் தன் மொழிக்கு வந்தது. ஆங்கிலத்தில் செய்தியாகத் தோன்றும் அப்பேச்சு தமிழில் குரலாகக் கேட்கிறது. குழைவும் உறவுமுறையும் ஊர்ப்பாசமும் அதில் உள்ளன. அப்பகுதியை வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறோம். ஏன் நம்பினார்கள் என்று கேட்ட மாணவர்கள், மேஸ்திரி பேசி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.