எனக்கும்

ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் மதியம் எங்கள் வகுப்பில் பேர் வாசித்தார்கள். அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் அறக்கட்டளை நோட்டு கொடுக்கிறதாம். பேர் வந்தவர்கள் மைதானத்துக்குப் போய் வரிசையாக நின்றோம். ஆளுக்கு ஆறு நோட்டு. வாங்கியதும் நகராமல் நிற்கச் சொன்னார்கள், போட்டோ எடுக்கணும். வெயில் கண்ணில் அடித்ததில் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் சிரிப்பா" என்றார் ஒருவர். சிரித்தேன்.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவன் அந்த வரிசையில் இல்லை. அவன் அப்பா சாகவில்லை, வீட்டை விட்டுப் போய்விட்டார். அதற்குக் காட்டச் சான்றிதழ் எதுவும் அவனிடம் இல்லை. அவன் வகுப்பு வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாசலை நான் மறந்தே போயிருந்தேன். கல்லூரி நாட்களில் கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை முதல்முறை படித்தபோதுதான் அது திரும்பி வந்தது. அதுவரை எனக்கு ஞாபகமிருந்தது வெயிலும் போட்டோவும்தான்.

குழந்தைகளுக்குக் கொடுப்பதைப் பற்றிய தமிழ்ச் சிறுகதைகளை யார் பட்டியல் போட்டாலும் மூன்று கதைகள் வந்துவிடும். அழகிரிசாமியின் 'அன்பளிப்பு', 'ராஜா வந்திருக்கிறார்', தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு'. பகிர்கிறவர்கள் எழுதுவதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: படித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியதுதான். ஆனா கண் கலங்குவதோடு புத்தகத்தை மூடிவைத்தால், இந்தக் கதைகள் நம்மிடம் கேட்கிற கேள்வியிலிருந்து தப்பித்துவிடுகிறோம் என்று எனக்குப் படுகிறது.

'அன்பளிப்பு' கதையின் நாயகன் நல்ல மனுஷன். பத்திரிகைத் தொழிலில் இருப்பவன். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவன் வீட்டில்தான் கிடக்கும். அவன் புத்தகங்களைக் கலைக்கும். அவன்மேல் ஏறி விளையாடும். அவனும் அவர்களுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பான். இந்த இடத்திலேயே நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல மாமாவின் கதை. அழகிரிசாமி அங்கே நிறுத்தவில்லை. கூட்டத்தில் சாரங்கன் என்று ஒரு பையனை வைக்கிறார். ஒதுங்கி நிற்கும் சுபாவம், கேட்கத் தெரியாது. புது வருஷத்துக்கு டைரி வருகிறது. வேறு குழந்தைகளுக்குக் கிடைக்கிறது, அவனுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அவனே அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, இதை எனக்கு அன்பளிப்பு என்று எழுதிக்கொடுங்கள் என்கிறான்.

அவன் கேட்டது டைரியா? டைரிதான் ஏற்கெனவே அவன் கையில் இருக்கிறதே. அவனுக்கு வேண்டியது அந்த ஒரு வரி. உன்னையும் சேர்த்துத்தான் என்று ஒரு பெரியவர் தன் கையால் எழுதுவது.

கொடுத்தவர் கொடுத்ததாலேயே ஒரு குழந்தை வெளியே நிற்க நேர்ந்தது. கஞ்சனாக இருந்திருந்தால் சாரங்கனுக்கு இந்த வலி வந்திருக்காது. அவர் கெட்டவரும் இல்லை, அவனை வெறுக்கவும் இல்லை, கவனிக்கவில்லை, அவ்வளவுதான். தாராள மனசுக்குப் பின்னால் இப்படி ஒரு வாசல் இருக்கும், அதில் ஒரு பிள்ளை நிற்கும் என்று நமக்குக் காட்டிக்கொடுத்த கதை இது. 1970இல் அழகிரிசாமி மறைந்தார். அதே ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது இந்தக் கதையின் பெயரைத் தாங்கிய தொகுப்புக்குக் கிடைத்தது. விருதை வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

'ராஜா வந்திருக்கிறார்' கதை போட்டியில் தொடங்குகிறது. உன்னிடம் இது இருக்கா, என்னிடம் இருக்கே என்று பிள்ளைகள் மோதிக்கொள்ளும் விளையாட்டு. பணக்கார வீட்டு ராமசாமி ஒரு பக்கம். மறுபக்கம் மங்கம்மாளும் அவள் உடன்பிறந்தவர்களும். இல்லாத வீட்டுப் பிள்ளைகள். ஜெயிக்கவே முடியாத போட்டி அது.

தீபாவளி சமயத்தில் அவர்கள் வீட்டு முன்னால் ஓர் அநாதைப் பையன் வந்து சேர்கிறான். உடம்பெல்லாம் சிரங்கு. பேர் ராஜா. தாயம்மாள் அவனுக்குச் சோறு போடுகிறாள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். பிறகு துணி. வீட்டில் மிச்சம் இருப்பது புருஷனுக்கென்று வாங்கிய ஒரே ஒரு துண்டு. அங்கே அவள் தயங்குகிறாள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தயக்கம்தான். அழகிரிசாமி அவளைத் தெய்வமாக்கவில்லை. ஒரு துண்டுக்குக் கணக்குப் பார்த்தே ஆகவேண்டிய வீடு அது. துண்டை அவனுக்குக் கொடு என்று சொல்வது சின்னப் பெண் மங்கம்மாள். அவளுக்குக் கணக்குத் தெரியாது; எதிரில் துணியில்லாமல் ஒரு பிள்ளை நிற்பது மட்டும் தெரிகிறது.

முடிவு எல்லோருக்கும் தெரியும். ராமசாமி வீட்டுக்கு ஒரு ராஜா வந்திருக்கிறார், ஜமீன் ராஜா. மங்கம்மாள் பெருமையாகச் சொல்கிறாள், தன் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக. தலைப்பில் உள்ள அந்த 'ர்' விகுதியைக் கவனியுங்கள். மரியாதை ஜமீன் ராஜாவுக்கு மட்டுமானதா, சிரங்குப் பையனுக்கும் சேர்த்தா என்று அழகிரிசாமி பிரித்துச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்கும். எனக்கும். இந்த 'உம்' இருக்கிறதே, இரண்டு கதையையும் தாங்கி நிற்பது அதுதான். இலக்கண வகுப்பில் எண்ணும்மை, எச்சவும்மை என்று மனப்பாடம் செய்தோம். குழந்தைகள் அதை வயிற்றிலிருந்து பேசுகிறார்கள்.

மூன்றாவது கதைதான் எனக்குச் சிக்கல். 'சிலிர்ப்பு' ரயிலில் நடக்கிறது. அப்பாவும் சின்ன மகனும். எதிரில், வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துப்போகப்படும் ஒரு சிறுமி. பத்து வயசு இருந்தால் அதிகம். மகன் தின்னாமல் பத்திரமாக வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை இறங்கும்போது அவளிடம் கொடுத்துவிடுகிறான். அப்பாவுக்கு உடம்பு சிலிர்க்கிறது, மகனை அணைத்துக்கொள்கிறார்.

சரி, அந்தப் பெண்? ரயில் அவளை ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டது. ஒரு பழம் அவள் வாழ்க்கையில் எதை மாற்றியது? சிலிர்ப்பு அப்பாவுக்கு, பாத்திரம் தேய்ப்பது அவளுக்கு. ஒரு நண்பரிடம் இதைச் சொல்லி ரொம்ப நேரம் சண்டை போட்டிருக்கிறேன். கொடுப்பவர் வீட்டுக்குச் சந்தோஷமாகத் திரும்புவதற்கு எழுதப்பட்ட கதை என்றேன். அவர், "நீ அப்பாவையே பார்க்கிற. பையனைப் பாரு" என்றார்.

திரும்பப் போய்ப் பார்த்தேன். அந்தப் பையனுக்குச் சிலிர்ப்பெல்லாம் இல்லை. தான் நல்லது செய்ததாகக்கூட அவனுக்குத் தெரியாது. ரயில் பெட்டியில் பெரியவர்கள் எல்லோருக்கும் அவள் வேலைக்குப் போகும் பெண், பாவப்பட்ட பெண். அவனுக்கு அவள் இன்னொரு குழந்தை. தனக்குப் பிடித்தது அவளுக்கும் பிடிக்கும். மறுபடி அதே 'உம்'. பழம் அவளைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருக்க வேண்டியவர்கள் அதே பெட்டியில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள். ஜானகிராமன் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பாவின் சிலிர்ப்பில் அவர் கொஞ்சம் அதிகமாகவே லயித்துவிட்டார் என்ற குறை எனக்கு இன்னும் உண்டு. ஆனாலும் கொடுப்பதில் எது முக்கியம் என்று அந்தப் பையன் காட்டிவிட்டுப் போகிறான்.

எங்கள் தெருமுனையில் ஓர் அண்ணாச்சி கடை இருந்தது. ஜூன் மாசம் நோட்டுக்கு அட்டை போடப் பழைய காலண்டர் தாள்களைச் சுருட்டி வைத்திருப்பார். கேட்கிற பிள்ளைக்கும், கேட்கத் தெரியாமல் நிற்கிற பிள்ளைக்கும் நீட்டுவார். "சும்மாதான் கெடக்கு, எடுத்துட்டுப் போ." வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்டதில்லை. நானும் என் பெஞ்சுக்காரனும் ஒன்றாகப் போய்த்தான் வாங்குவோம். தாளின் வழவழப்பான பக்கம் வெளியே தெரிய வேண்டுமா, வெள்ளைப் பக்கம் தெரிய வேண்டுமா என்று வழியெல்லாம் தர்க்கம் பண்ணிக்கொண்டு வருவோம்.

அறக்கட்டளைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வருஷம் அந்த நோட்டில்தான் எழுதினேன். அம்மாவுக்கு ஒரு செலவு குறைந்தது. நான் குறை சொல்ல வேண்டிய ஆள் வேறு. மைதானத்திலிருந்து திரும்பி வகுப்புக்குள் நுழையும்போது அவன் வாசலில் வழிவிட்டு ஒதுங்கினான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அட்டையில் என்ன படம் என்று கேட்டான். காட்டினேன். பிறகு பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆறு நோட்டு. ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.