இரண்டு நாற்காலிகள்: 'மீண்டும்' என்கிற சொல் குறித்து

பேச்சுவார்த்தை முறிகிறபோதெல்லாம் எழுகிற கோரிக்கை ஒன்றுதான்: மீண்டும் பேசுங்கள். பிணங்கள் விழுந்துகொண்டிருக்கையில் 'யாரோடு யார் பேசுவது?' என்று கேட்பவன் விதண்டாவாதியாகத்தான் தெரிவான். ஆனாலும் கேட்டாக வேண்டும். 'மீண்டும்' என்ற சொல் பேச்சை மட்டும் திரும்பக் கொண்டுவருவதில்லை. பழைய மேசையையும், அதைச் சுற்றிப் போட்ட நாற்காலிகளின் கணக்கையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

இலங்கையில் 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இருவர்: ரணில் விக்கிரமசிங்க, பிரபாகரன். நடுவே நார்வே. அரசு / புலிகள் என்ற எதிர்வைப் போர் ஏற்கனவே உருவாக்கிவிட்டிருந்தது. ஒப்பந்தம் அதற்குச் சட்டமொழி தந்தது. எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின: தரப்புகள் இரண்டே.

அப்படியானால், 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் எந்தப் பக்கம்? யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஒப்பந்தம் வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் இன்னும் புத்தளம் பகுதியில் அகதிகளாகவே இருந்தார்கள். முஸ்லிம்களைத் தனித் தரப்பாக உட்கார வையுங்கள் என்ற கோரிக்கை எழுந்தது. 2002 ஏப்ரலில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் செய்துகொண்ட உடன்பாடு அதற்கு நம்பிக்கையும் தந்தது. நடந்தது என்ன? ஹக்கீம் மேசைக்குப் போனார், அரசுக் குழுவில் ஒருவராக, அமைச்சராக. அவ்வாண்டு டிசம்பரில் ஆஸ்லோவில் கூட்டாட்சித் தீர்வை ஆராய இசைந்தபோது கையாளப்பட்ட சொல் 'தமிழ் பேசும் மக்கள்'. தமிழரசுக் கட்சிக் காலத்திலிருந்து புழங்கும் சொல். முஸ்லிம்களும் தமிழ்தான் பேசுகிறார்கள், சரி. ஆனால் மேசையில் பேச அவர்களுக்கு இடமில்லை. கேட்காமலேயே உள்ளே இழுத்துக்கொண்டு, உள்ளே வந்ததும் வாயைப் பொத்துகிற சொல்லாடல் இது.

2003 ஏப்ரலில் புலிகள் பேச்சை இடைநிறுத்தினர். சொன்ன காரணங்களில் ஒன்று, வாஷிங்டனில் நடந்த உதவி வழங்கும் நாடுகளின் கூட்டத்துக்குத் தாங்கள் அழைக்கப்படவில்லை என்பது. எங்களைப் பற்றி எங்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவதா? நியாயமான கேள்வி. இதே கேள்வியைப் புத்தளத்திலிருந்து ஒருவர் கேட்டால் மட்டும் அது ஏன் ஒற்றுமையைக் குலைக்கிற கேள்வியாகிவிடுகிறது?

2006 பிப்ரவரியில் ஜெனிவாவில் ஒரு 'மீண்டும்', அக்டோபரில் இன்னொன்று. ஆகஸ்டில் மூடப்பட்ட ஏ9 பாதையைத் திறக்கச் சொன்னார்கள் புலிகள். அரசு மறுத்துக் கடல்வழியைக் காட்டியது. அடுத்த தேதிகூடக் குறிக்காமல் எழுந்து போனார்கள். அரசுக்கு அந்தப் பாதை புலிகள் வரி வசூலிக்கிற இடம். புலிகளுக்கு அது பேச்சின் நிபந்தனை. யாழ்ப்பாணத்துச் சனங்களுக்கோ சோற்றுக்கும் மருந்துக்குமான வழி. அந்தச் சனங்களை யார் கேட்டார்கள்?

'துப்பாக்கி வச்சிருக்கிறவங்கிட்டதானேய்யா பேச முடியும்' என்று நண்பர்கள் சொல்வதுண்டு. உண்மைதான். சுடுவதை நிறுத்தச் சுடுகிற இருவர் போதும். ஆனால் சேர்ந்து வாழ்வதா, பிரிந்து வாழ்வதா, எப்படி என்று தீர்மானிக்க அந்த இருவர் போதாது. முதல் வேலைக்குப் போட்ட மேசையையே இரண்டாவது வேலைக்கும் வைத்துக்கொண்டதில்தான் கோளாறு.

2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தைவிட்டு விலகியது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால். அங்கே நடந்த கொலைகளுக்கு அரசே பொறுப்பு, புலிகளின் பிழைகள் எவையும் அதைக் குறைத்துவிடாது. ஆனால் அதன்பின் அரசு சொன்னதைக் கவனிக்க வேண்டும்: பயங்கரவாதம் முடிந்தது, இனி இந்நாட்டில் சிறுபான்மையினரே இல்லை. இரண்டில் ஒன்று போனால் மிச்சம் ஒன்று. பேச யாருமில்லை, ஆகவே பேச எதுவுமில்லை. இரண்டே நாற்காலி என்ற கணக்கு கடைசியில் யாருக்கு வசதியாகப் போயிற்று?

அந்தத் தீவிலோ வேறெங்கோ அடுத்தமுறை 'மீண்டும் பேசுங்கள்' என்று நாம் கையெழுத்துப் போடப்போகும்போது, முதலில் நாற்காலிகளை எண்ணிவிடுவது நல்லது.