மூலையில் நிற்பவர்

சென்னையில் எம்.கே.பி. நகர், வியாசர்பாடி பக்கம் கபடி ஆட்டம் நடந்தால் விசில் எல்லாம் பாடிப் போகிறவருக்குத்தான். எனக்குப் பிடித்தவர் மூலையில் குனிந்து நிற்கும் கார்னர் ஆட்டக்காரர்.

பாடிப் போகும் ரெய்டருக்கு 30 விநாடி உண்டு. கார்னருக்குக் கிடைப்பது ஒரு நொடி. எதிராளி எந்தக் காலில் எடையை ஊன்றுகிறார், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுக்கு எந்தக் காலை நீட்டுகிறார் என்று கணித்து, பாய்ந்து கணுக்காலைப் பற்ற வேண்டும். அவசரப்பட்டால் தானே அவுட். தயங்கினால் ஆள் தப்பிவிடுவார். ரெய்டர் ஒரே ரெய்டில் பல புள்ளிகள் அள்ளலாம். பிடிக்கு வழக்கமாக ஒன்றுதான்.

இந்தக் கலையில் தஞ்சை மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் பெரிய பெயர். 1975இல் பிறந்தவர். நாற்பதைக் கடந்த பிறகு, 2016இல், பாட்னா பைரேட்ஸ் அணித் தலைவராகப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். சக ஆட்டக்காரர்களுக்கு அவர் ‘அண்ணா’. வேகம் குறைந்தாலும் கணிப்பு கூடும் என்பதற்கு அவரே சாட்சி.

கைதட்டல் கிடைக்காத இந்தக் காவல் வேலை வேறு ஆட்டங்களிலும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்க ஐந்து பேர் அரணாக நிற்பார்கள். பந்தோடு ஓடும் புகழ் அவர்களுக்கு இல்லை. அவர்கள் சரிந்தால் ஆட்டமே சரியும்.

அடுத்த முறை கபடி பார்க்கும்போது பாடி வருபவரை விட்டுவிட்டு, மூலையில் நிற்பவரின் கண்களைப் பாருங்கள். பாதி ஆட்டம் அங்கேதான் நடக்கிறது.