யானைமலைக்கு என்ன நிறம்?

பல வருஷம் மூடிக் கிடந்த நீர்வண்ணப் பெட்டியைத் திறந்தால் வில்லைகள் வெடித்துக் காய்ந்திருக்கும். கவலை வேண்டாம். நிறத்தூளைப் பிடித்து வைத்திருப்பது வேல மரப் பிசின். இரண்டு சொட்டுத் தண்ணீர் பட்டால் இளகிவிடும்.

மறுபடி தொடங்க மதுரை ஒத்தக்கடை யானைமலையைவிட நல்ல வாத்தியார் இல்லை. அந்தப் பாறைக்குக் கறுப்பு வண்ணம் ஆகாது, படம் செத்துப்போகும். அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா பழுப்பைக் குழைத்தால், ஒன்றையொன்று அடக்கி உயிருள்ள சாம்பல் பிறக்கும். நீலம் தூக்கலானால் விடியற்கால மலை. பழுப்பு தூக்கலானால் சாயங்கால வெயில். நீலத் துகள்கள் தாளின் குழிகளில் படிந்து கல்லின் சொரசொரப்பையும் தாமே போட்டுவிடும்.

அடிவாரத்து நாற்றங்காலுக்கு எலுமிச்சை மஞ்சளில் துளி நீலம் போதும். வெள்ளைக்குத் தாளையே விட்டுவைக்க வேண்டும்.

1792-இல் மதுரை வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் திருமலை நாயக்கர் அரண்மனையை வரைந்தார்கள். அவர்களுடைய அச்சுப் படங்களுக்கும் கையால் பூசியது நீர்வண்ணமே.

மதுரை வெயிலில் பூச்சு சட்டென்று காயும், ஒரு படி வெளிறவும் செய்யும். ஈரத்தில் சற்று அழுத்தமாகத் தெரிகிற கலவைதான் காய்ந்த பிறகு சரியாக நிற்கும்.